வெயிலில் போட முடியாத துணி

மகளுக்கு இருமல். இரவு இரண்டரை மணி. பாலில் மஞ்சள்தூள் போட்டு, நாலு மிளகைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, பனங்கற்கண்டைக் கரைத்து, டம்ளருக்கும் டவராவுக்குமாக ஆற்றிக்கொண்டே சமையலறையிலிருந்து ஹாலுக்கு வந்தேன். விளக்கைப் போட்டால் கண் அசரத் தொடங்கியவள் விழித்துக்கொள்வாளே என்று இருட்டிலேயே நடந்தேன். காலடியில் ஒரு பிளாஸ்டிக் யானை. நான் விழவில்லை. டம்ளர்தான் விழுந்தது.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் அப்போது நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு அது. சமையலறையும் குளியலறையும் தவிர மற்ற எல்லா இடத்திலும் சுவருக்குச் சுவர் கார்பெட். ஓட்ஸ் கஞ்சி நிறம். சாம்பார் வைக்கிற ஒரு வீட்டுக்கு இதைவிடப் பொருந்தாத நிறத்தை யாரும் தேடிப் பிடித்திருக்க முடியாது.

இத்தனைக்கும் நான் ஈரோட்டுக்காரன். மஞ்சள் ஏலம் நடக்கும் நாட்களில் தெருவே மஞ்சள் வாசம் அடிக்கும் பகுதியில் வளர்ந்தவன். 2019-ல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, வாட்ஸப்பில் அதைப் பத்துப் பேருக்கு அனுப்பி மீசையை முறுக்கிக்கொண்டவன். அன்றிரவு கொட்டியதும் அம்மா ஊரிலிருந்து பொட்டலம் கட்டி அனுப்பிய அதே மஞ்சள்தான்.

அடுத்த கால் மணி நேரத்தில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அதிலிருந்துதான் எல்லாம் கிளைத்தது. முதலில் பாத்திரம் துடைக்கும் துணியை எடுத்து வந்து தேய்த்தேன். தரையில் பால் கொட்டினால் கை தானாகச் செய்வது அதுதானே. டம்ளர் வாயளவு இருந்த கறை தாம்பாளம் அளவுக்கு விரிந்தது. அடுத்து கெட்டிலில் வெந்நீர் வைத்து ஊற்றினேன். அதன்பின் துணி துவைக்கும் பவுடரைக் கரைத்து ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மறுபடியும் தேய்த்தேன்.

மஞ்சள் சிவந்தது.

கண்ணெதிரே, ஓட்டமாக, தாம்பாளம் முழுக்கச் சிவந்தது. சத்தம் கேட்டு எழுந்து வந்த மனைவி விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆரத்தியா கொட்டுச்சு?" என்றாள்.

அவள் கேட்டதில் தவறே இல்லை. ஆரத்தி கரைப்பது அப்படித்தான். தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து, ஒரு சிட்டிகை சுண்ணாம்பைப் போட்டால் சிவந்துவிடும். குங்குமத்துக்கும் மூலம் அதே கலவைதான். பள்ளிக்கூடத்தில் மஞ்சள்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக் காட்டுவார்களே, அதுவும் இதுதான். மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்குமின் தூளில் சுமார் 2 முதல் 5 சதவீதம்தான் இருக்கும். ஆனால் காரம் பட்டதும் அது செம்பழுப்பாக மாறிவிடும், அமிலம் பட்டால் திரும்ப மஞ்சளாகும். சலவைப் பவுடர் நல்ல காரம். பத்தாம் வகுப்பில் இதற்கு மதிப்பெண் வாங்கியவன்தான் நான். இரவு இரண்டே முக்காலுக்கு அது நினைவில் வரவில்லை.

காலையில் அம்மாவை வீடியோவில் அழைத்துக் காட்டினேன்.

"சோப்புப் போட்டா தேச்சே? மஞ்சளுக்குச் சோப்பு ஆகாதுன்னு தெரியாதா கண்ணு? அலசி வெயில்ல போடு. ரெண்டு நாள்ல தானா வெளுத்துப் போயிரும்."

"வெயில்ல போட முடியாதும்மா. இது தரையோட ஒட்டியிருக்கு. சுவரோரமா ஆணி வச்ச கட்டை அடிச்சு அதுல மாட்டியிருக்காங்க."

"அப்பறம் எப்படித் தொவைப்பாங்க?"

"தொவைக்க மாட்டாங்க."

"எத்தனை வருசமா?"

"ஏழு வருசம்னு ஏஜென்ட் சொன்னாரு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அதுலயா கொழந்தையத் தவழ உட்டே?" என்றார்.

அம்மாவின் திகைப்பு எனக்குப் புரிந்தது. நம் வீடுகளில் தரை என்றால் அலசி விடுவது. விரிப்பு என்றால் சுருட்டி வைப்பது, தேவைப்பட்டால் எடுத்துப் போய்த் துவைப்பது. பவானி எங்களுக்குப் பக்கத்து ஊர். கல்யாணத்துக்கு விரித்த ஜமக்காளங்களை மறுவாரம் ஆற்றில் முக்கி, கல்லில் அடித்து, மணலில் விரித்துக் காயவைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கெட்டிப் பருத்தி நூலில் கோடு கோடாக நெய்தது, எத்தனை அடி அடித்தாலும் தாங்கும். துணியாகவும் இல்லாமல் தரையாகவும் இல்லாமல் நடுவில் நிற்கும் இந்தக் கார்பெட்டுக்கு அந்தப் பழக்கம் எதுவும் பொருந்தாது.

இதற்கு உடம்பு வேறு. இப்போது வீடுகளில் போடும் கார்பெட்டில் பெரும்பாலானவை நெய்தவை அல்ல. ஓர் அடித்துணியில் நூலை ஊசியால் குத்திக் குத்திக் கொத்தாக நிறுத்தி, பின்பக்கம் லேட்டக்ஸ் பசை தடவி, அதன்மேல் இன்னொரு துணியை ஒட்டுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், டால்டன் ஊர்ப்பக்கம் கேத்தரின் எவன்ஸ் என்ற இளம்பெண் படுக்கை விரிப்புக்கு நூல்கொத்து வைத்துத் தைத்ததில் தொடங்கிய தொழில் இது. பிறகு இயந்திரத்துக்குப் போய், விரிப்பிலிருந்து கார்பெட்டுக்குத் தாவி, இன்று டால்டன் தன்னை உலகின் கார்பெட் தலைநகர் என்றே சொல்லிக்கொள்கிறது. நமக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. நாம் காலால் மிதிப்பது மேல் நுனியை மட்டும். அதற்குக் கீழே பசை, அடித்துணி, அதற்கும் கீழே பஞ்சு மெத்தை போன்ற அண்டர்லே. மேலே ஒரு டம்ளர் கொட்டினால் கண்ணுக்குத் தெரிவது கால் டம்ளர்தான்.

நூல் எது என்று தெரியாமல் கறையைத் தொடக்கூடாது என்பதை மறுநாள்தான் படித்தேன். நம் வீடுகளில் பட்டுப்புடவை அசல்தானா என்று பார்க்க ஒரு நூலை உருவிக் கொளுத்துவார்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. அதே சோதனைதான் இதற்கும். அலமாரிக்குள் மூலையிலிருந்து நாலு இழையை வெட்டி, சிங்க்கில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டினேன். முடி கருகும் நாற்றம். பொடிந்த சாம்பலோடு கடுகளவு கெட்டிக் கட்டி ஒன்றும் கிடந்தது. கம்பளியும் கொஞ்சம் நைலானும். இங்கே எண்பதுக்கு இருபது என்ற கணக்கில் இவற்றைக் கலப்பது வழக்கம். பாலிப்ரொப்பிலீனாக இருந்திருந்தால் உருகிக் கட்டியாகியிருக்கும், அந்த இழை தண்ணீரில் போட்டால் மிதக்கவும் செய்யும். அது சாயத்தை எளிதில் குடிக்காது என்பதால் மஞ்சள் அவ்வளவாகப் பிடித்திருக்காது. கம்பளிக்கோ மஞ்சள் கறையே அல்ல, சாயம். சாயம் பிடிக்கச் சேர்க்கும் படிகாரம்கூட இல்லாமல் நேராக ஏறிக்கொள்ளும்.

அத்தோடு, கம்பளி ஒரு புரதம். இந்த ஊர்க் கடைகளில் சலவைப் பவுடர் 'பயோ', 'நான்-பயோ' என்று இரண்டு வகையாக இருக்கும். பயோவில் புரதத்தைக் கரைக்கும் நொதி உண்டு. முட்டை, ரத்தக் கறைகளுக்கு நல்லது. பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது, பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். நான் கரைத்து ஊற்றியது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, சிவப்பிலிருந்து தொடங்கினேன். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர், வெள்ளைத் துணியில் நனைத்து ஒற்றினேன். துணி வெள்ளையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் சாயம் இறங்கும், எவ்வளவு கறை வருகிறது என்றும் தெரியாது. ஒற்ற ஒற்றச் சிவப்பு மங்கி மஞ்சள் திரும்பியது. கறை கொஞ்சமும் குறையவில்லை, நிறம்தான் மாறியது. ஆனாலும் அந்த மஞ்சளைப் பார்த்ததும் ஊர்க்காரனைப் பார்த்தது போல ஒரு நிம்மதி.

அடுத்தது பால். பார்வைக்கு மஞ்சள்தான் குற்றவாளி என்றாலும், நாலு நாளில் வீட்டை நாறடிக்கப் போவது பால். வெந்நீர் பட்டால் பாலின் புரதம் இறுகிக்கொள்ளும், ஆகவே முதலிலேயே குளிர்ந்த நீர் ஊற்றியிருக்க வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் கால் டீஸ்பூன், ஒரு கப் குளிர்ந்த தண்ணீர். இதற்குமேல் கூடாது. நுரை நிறைய வந்தால் சுத்தம் அதிகம் என்பது நம் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. கார்பெட்டில் சோப்பு தங்கிப்போனால் அது பிசுபிசுத்துப் போகிற வருகிற தூசியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒரு மாதத்தில் அந்த இடம் மட்டும் கறுத்துவிடும். ஆகவே சோப்புத் தண்ணீர் ஒரு முறை, வெறும் தண்ணீர் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுப்பது. தேய்ப்பது அறவே கிடையாது.

இரண்டு நாள் கழித்துக் காய்ந்தபோது கறை ஏறக்குறைய மறைந்திருந்தது. மூன்றாம் நாள் காலை அதே இடத்தில், அதே வடிவத்தில் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. பேய்க்கதை இல்லை. அண்டர்லேயில் தங்கிய நீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல நூல் வழியே மேலேறி, நுனியில் காய்கிறது. தண்ணீர் போய்விடும், அது சுமந்து வந்த மஞ்சள் நுனியிலேயே தங்கிவிடும். இதற்கு மருந்து பாரம். லேசாக ஈரப்படுத்தி, வெள்ளை டவல் இரண்டை மடித்து வைத்து, மேலே கனமான ஒன்றை ஏற்றி இரவு முழுக்க விட்டால் கறை கார்பெட் நுனிக்குப் பதில் டவலுக்கு ஏறும். எங்கள் வீட்டில் கனமான பொருள் ஒன்றுதான் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து விமானத்தில் வந்த டேபிள்டாப் கிரைண்டர். குழவிக் கல்லோடு அதை ஹால் நடுவில் வைத்தோம். காலையில் டவலில் நல்ல மஞ்சள் வட்டம். மூன்று இரவு இப்படியே வைத்தோம். அந்த வாரம் தோசை இல்லை.

அப்புறம் ஸ்பிரிட். குர்குமின் தண்ணீரில் கரையவே கரையாது, ஆல்கஹாலில் கரையும். இவ்வளவு நாளும் தண்ணீரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியது எவ்வளவு வெட்டி வேலை என்பது இங்கேதான் தெரிந்தது. மருந்துக் கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, துணியில் நனைத்து (நேராக ஊற்றினால் பின்னால் இருக்கும் பசை இளகிவிடும்), சன்னலைத் திறந்து வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு ஒற்றினேன். முதல் ஒற்றிலேயே துணி பளிச்சென்று மஞ்சளாக வந்தது. இருபது, முப்பது துணித்துண்டு ஆகியிருக்கும். கறையில் பெரும்பகுதி போனது அன்றுதான்.

நண்பர் ஒருவர் நோட்டுப் பரிசோதிக்கும் புற ஊதா டார்ச் ஒன்றைக் கொடுத்தார். குர்குமின் அந்த ஒளியில் பச்சை கலந்த மஞ்சளாக மினுங்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு அடித்தேன். கண்ணுக்கு மறைந்துவிட்டது என்று நான் நினைத்த இடமெல்லாம் மினுங்கியது. அதைச் சுற்றி இன்னும் பெரிய நீல வளையம். அது சலவைப் பவுடரில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள், என் கைங்கரியம். சோபா ஓரத்தில் தனியாக ஒரு சிறு பச்சைப் புள்ளி வேறு. எந்த வருடத்து சாம்பாரோ. அந்த டார்ச்சை யாரும் வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நிம்மதியாக இருக்கும் வீட்டில் அது தேவையில்லை.

கடைசியில் ஒரு கை அகலத்துக்கு வெளிர்மஞ்சள் மிச்சம். ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டால் போய்விடும் என்றார்கள். இங்கே மருந்துக் கடையில் 3 சதவீதக் கரைசல் கிடைக்கும், புட்டியில் '10 வால்யூம்' என்று இருக்கும். அலமாரி மூலையில், இழை வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு சொட்டு விட்டு ஒரு நாள் காத்திருந்தேன். கார்பெட்டின் சொந்த நிறமே வெளிறி, அரை ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. ஹால் நடுவில் மஞ்சள் திட்டு இருப்பதா, வெள்ளைத் திட்டு இருப்பதா என்று யோசித்து, புட்டியை மூடி வைத்தேன். உங்கள் கார்பெட்டுக்கு அது ஒத்துப்போகலாம். மூலையில் பார்க்காமல் நடுவில் ஊற்றாதீர்கள், அவ்வளவுதான். குளோரின் ப்ளீச் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். அது கம்பளியை அரித்துக் கரைத்துவிடும், வினிகரோடு சேர்ந்தால் நச்சு வாயுவும் வரும்.

பிப்ரவரி போய் ஏப்ரல் கடைசி. எங்கள் ஹால் சன்னல் தெற்குப் பார்த்தது. ஒரு ஞாயிறு காலை, வெயில் கார்பெட்டில் சதுரமாக விழுந்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கறையிலிருந்து இரண்டடி தள்ளி. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கார்பெட்டை வெயிலுக்கு எடுத்துப் போக முடியாது, சரி. வெயில் வீட்டுக்குள்ளேயே வந்திருக்கிறதே! வழியை மறைத்துக்கொண்டிருந்தது சோபா.

சோபாவை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினோம். திரைச்சீலையைக் கழற்றினோம். கம்பளி வெயிலில் நிறம் மாறும் என்பதால் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, கறையின் வடிவத்தில் ஓட்டை வெட்டி, கறை மட்டும் தெரியும்படி மேலே விரித்தேன். கண்ணாடி வழியாக வருகிற வெயில் போதுமா என்று சந்தேகம் இருந்தது. போதும். குர்குமின் முக்கியமாக உறிஞ்சுவது நீல ஒளியை, அதனால்தான் நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது. நீல ஒளி கண்ணாடியைத் தாராளமாகத் தாண்டும். உறிஞ்சிய அந்த ஒளியே அதன் மூலக்கூறை உடைத்துவிடும். மஞ்சள் நீராட்டுப் புடவையும் தாலிக்கயிறும் வெளுப்பது இப்படித்தான். லண்டன் வெயிலுக்கு மூன்று வாரம் ஆனது, ஈரோட்டு வெயிலாக இருந்தால் அம்மா சொன்ன இரண்டு நாளே அதிகம். மே மாதம் நடுவில் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். நீலம் லேசாக இருந்தது. பச்சை இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். "அதைத்தான மொத நாளே சொன்னேன்," என்றார். அந்த மூன்று மாதத்துக்குள் நான் படித்தது எதையும் அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

மற்ற கறைகளைப் பற்றிக் கேட்பீர்கள் என்பதால் இரண்டு வார்த்தை. காபி, டீக்கு உடனே ஒற்றிவிட்டு அதே வினிகர்த் தண்ணீர். விளக்கெண்ணெய், நல்லெண்ணெய் சிந்தினால் முதலில் தண்ணீர் காட்டாமல் மைதாவையோ முகப்பவுடரையோ தூவி ஊறவிட்டு, வாக்குவம் போட்டு, மிச்சத்துக்கு ஸ்பிரிட். மெழுகு என்றால் ஐஸ் வைத்து இறுக்கி உடைத்து எடுக்க வேண்டும். குழந்தை மூக்கில் ரத்தம் வந்தால் குளிர்ந்த நீர் மட்டும். குங்குமம் சிந்தினால் தொடாமல் முதலில் வாக்குவம். ஈரக்கை பட்டால் போச்சு.

ஆகஸ்டில் வீட்டைக் காலி செய்தோம். ஏஜென்சி அனுப்பிய ஆள் ஒவ்வோர் அறையாகப் படம் எடுத்தார். ஹாலில் கறை இருந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார். நான் மூச்சை விட்டேன். அவர் திரும்பி வந்தார், குனிந்தார், உள்ளங்கையால் தடவினார். நிறம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பிரஷ்ஷால் நான் தேய்த்த இடத்தில் நூலின் முறுக்கு பிரிந்து, பஞ்சு மாதிரி சிலும்பி நின்றது. எந்த வெயிலும் அதைத் திருப்பி முறுக்காது.

இரண்டு வாரம் கழித்து, ஹால் முழுவதற்கும் புதுக் கார்பெட் போட 350 பவுண்டு பிடிப்பதாக மின்னஞ்சல். இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது இங்கே வாடகைக்கு இருப்பவர்களுக்கு உதவும். இங்கிலாந்தில் டெபாசிட் பணத்தை வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. 2007 ஏப்ரலிலிருந்து அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் அதைப் பதிய வேண்டும். 2019 ஜூனிலிருந்து, ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே என்றால் ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கவும் கூடாது. காசு கொடுத்து ஆள் வைத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. தகராறு என்றால் அந்தத் திட்டத்தின் நடுவரிடம் செலவில்லாமல் போகலாம். பழையதைக் கெடுத்ததற்குப் புதிதாக வாங்கித் தரும்படி கேட்பதை நடுவர்கள் ஏற்பதில்லை, பொருளின் வயதைக் கழித்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். ஏழு வருடக் கார்பெட் என்று நீங்களே சொன்னீர்களே, குடிவந்த அன்று எடுத்த படத்தில் வாசலோரம் தேய்ந்திருப்பது தெரிகிறதே என்று எழுதினேன். நடுவர்வரை போகவில்லை. 40 பவுண்டில் முடிந்தது. அந்த 40 பவுண்டு பிரஷ்ஷுக்கு, நியாயம்தான்.

இப்போது இருப்பது மரத்தரை. அம்மா வந்தபோது பவானி ஜமக்காளம் ஒன்றைச் சுருட்டிப் பெட்டியில் வைத்து எடுத்து வந்தார். பச்சையும் சிவப்பும் கோடு போட்டது, நடுவில் வெள்ளைப் பட்டை. விரித்த மூன்றாவது வாரமே மகள் அந்த வெள்ளைப் பட்டையில் சரியாகக் குறி பார்த்து சாம்பார் சாதத்தைக் கவிழ்த்தாள். எனக்குப் பதற்றமே வரவில்லை. குளியல் தொட்டியில் போட்டு அலசி, பிழிந்து, பால்கனிக் கம்பியில் விரித்துவிட்டேன்.

மறுநாள் கட்டட நிர்வாகத்திடமிருந்து கடிதம். பால்கனியில் துணி காயப்போடக் கூடாதாம், வெளியிலிருந்து பார்க்க அழகு கெடுகிறதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் அலுவலகத்தில் ஆள் இருப்பதில்லை.